கச்சான் காற்றில் ஹப் கியர்: 5-க்கும் 6-க்கும் நடுவில்

சைக்கிளில் நாட்டைச் சுற்றி வரப் போகும் தம்பி ஒருவன், "அண்ணா, ஹப் கியர் எடுக்கவா, டெரெய்லர் எடுக்கவா?" என்று கேட்டிருக்கிறான். ஹப் கியர் என்றால் கியர் எல்லாம் பின் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள் (ஹப்) இருக்கும்; டெரெய்லர் என்றால் வெளியே தெரியும் பல்சக்கரங்களில் செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கருவி. நான் ஓட்டுவது ஷிமானோ நெக்ஸஸ் 8 என்ற 8 கியர் ஹப். முன்னால் 38 பல், பின்னால் 20 பல். சில வருடங்களாக மூட்டை முடிச்சோடு இதில்தான் போய் வருகிறேன். நேற்றுத்தான் கந்தளாய் போய் வந்தேன், கால் வலி இன்னும் இறங்கவில்லை. பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி என்று புல்மோட்டை வரை கடலோரமாகப் போகும் ரோட்டில் உப்பும் மணலும் சைக்கிளை விடாது. டெரெய்லர் வைத்திருக்கும் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்ததும் பழைய டூத் பிரஷ்ஷோடு குந்திவிடுவார்கள். டெரெய்லரில் செயின் ஓடும் சின்ன ஜாக்கி சக்கரம், பல்லிடுக்கு, செயின் என்று எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். எனக்குச் செயினைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டால் சரி. கியர் எல்லாம் ஹப்புக்குள் இருக்கிறது, செயின் எப்போதும் நேர்கோட்டில் ஓடுகிறது. இந்த உப்புக் காற்றிலும் அது இவ்வளவு காலம் உழைப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ரோட்டின் குறுக்கே மாடு வந்து நின்றால், நின்ற இடத்திலேயே 2-க்கு இறக்கிவிட்டு லேசாக மிதித்துக் கிளம்பலாம். டெரெய்லரில் அது நடக்காது, பெடல் சுற்றினால்தான் கியர் மாறும். கியர் பிசகினாலும் பெரிய வேலையில்லை. 4-வது கியரில் வைத்து, ஹப் பக்கத்தில் தெரியும் இரண்டு மஞ்சள் கோடுகளும் ஒரே நேராக வரும்வரை கேபிள் திருகை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினால் போதும்.

இனி எரிச்சல். இந்த ஹப்பில் 5-வது கியர் நேர் கியர், அதாவது 1.000: பின் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. அடுத்த 6 நேராக 1.223-க்குத் தாவுகிறது. 6-லிருந்து 7-க்கு 16 சதவீதம், 7-லிருந்து 8-க்கு 14 சதவீதம். ஆனால் 5-க்கும் 6-க்கும் நடுவில் 22 சதவீதம்! அந்த ஓட்டை இருப்பது சமதரையில் நாம் நாள் முழுக்க ஓட்டும் இடத்தில். நிமிடத்துக்கு 70 தரம் மிதித்தால் 5-ல் ஏறக்குறைய 17.5 கிலோமீட்டர் வேகம், 6-ல் 21.5. தம்பலகாமம் வயல்வெளிக்குள் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது எனக்கு வேண்டியது 19. 5-ல் கால் சும்மா சுற்றுகிறது, 6-ல் முழங்கால் பிடிக்கிறது. கந்தளாய் வரும்வரை 5, 6, 5, 6 என்று கைப்பிடியைத் திருகிக்கொண்டே போவது எவ்வளவு அலுப்பு என்பது அந்த ரோட்டில் காற்றோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்.

பின் பல்லை 18 ஆக்கலாமே என்பார்கள். ஆக்கலாம். ஓட்டை கொஞ்சம் மேலே நகரும், ஆனால் முதல் கியர் கனத்துவிடும். இப்போதே முதல் கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. மாத்தளை தாண்டிக் கண்டிப் பக்கம் சாமானோடு ஏறும்போது அதுவே போதவில்லை. முன்னால் மூன்று பல் தட்டும் பின்னால் 11 முதல் 34 பல் வரையான பல்சக்கர அடுக்கும் (கேசட்) உள்ள சாதாரண டெரெய்லரில், முன்னால் 22 பல் தட்டிலும் பின்னால் 34 பல்லிலும் போட்டால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் முக்கால் சுற்றுக்கூட வராது. உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். ரோலோஃப் 14 கியர் ஹப்பில் படிகள் எல்லாம் ஒரே சீராக 13.6 சதவீதம், இந்தப் புலம்பலுக்கே அங்கு இடமில்லை. ஆனால் அதன் விலை நம் பேச்சுக்குள் வராது.

அப்புறம், பின் சக்கரத்தைக் கழற்றும் வேலை. பங்சர் என்றால் கழற்றாமலே டியூப்பை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். டயர் மாற்றவோ கம்பி உடைந்தோ கழற்றினால், கேபிளை விடுவித்து, 15 மில்லிமீட்டர் சாவியால் நட்டைத் தளர்த்தி, அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர்களை இடம் வலம் பார்த்துப் போட வேண்டும். அண்மையில் ஒரு கடையில் டயர் மாற்றினேன். அந்த வாஷர்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள், கேபிள் வரும் கோணமே பிசகிவிட்டது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, இந்த ஹப் அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். உள்ளே ஏதாவது போனால் திறந்து பார்க்க இங்கே ஆளைத் தேட வேண்டும்.

அதனால் தம்பி, இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: நீ டெரெய்லர் எடு. ஊருக்குள்ளும் புல்மோட்டை வரைக்கும் என்றால் என் ஹப்பையே வாங்கச் சொல்லியிருப்பேன். நாடு சுற்ற, கச்சானில், மலையில், வேண்டாம். பின்னால் 8 கியர் உள்ளதாகப் பார், அதன் செயினும் கேசட்டும் விலை குறைவு. டெரெய்லரைப் பிடித்திருக்கும் ஹாங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் போட்டுக்கொள். சைக்கிள் ஒரு பக்கம் சரிந்து விழுந்தாலே அது வளையும், சைக்கிளுக்குச் சைக்கிள் அளவும் மாறும்.