லீட் உள்ள பேஸ்மேக்கரா, லீட் இல்லாததா?

இதயத்தின் வலது மேலறையில் உள்ள எஸ்ஏ நோட் என்ற திசுமுடிச்சு, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அந்தத் துடிப்பு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி நோட்டில் சுமார் 0.1 நொடி தாமதித்த பிறகே கீழறைகளுக்கு இறங்கும். மேலறைகள் ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்த இடைவெளி வேண்டும். துடிப்பு சரியாக எழாவிட்டாலோ, இந்தப் பாதை தடைபட்டாலோதான் பெரும்பாலும் பேஸ்மேக்கர், அதாவது இதயத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவி, பற்றிய பேச்சு வரும்.

வழக்கமான கருவியில், பேட்டரி உள்ள பெட்டியைக் காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்து, சிரை வழியாக லீடுகளை, அதாவது மெல்லிய மின்கம்பிகளை, இதயத்துக்குள் இறக்குவார்கள். மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரண்டு இருந்தால் துடிப்பின் வரிசை குலையாது. இதன் பெரிய பலமே அதுதான். பேட்டரி தீர்ந்தால் பெட்டியை மட்டும் மாற்றலாம். ஆனால் தொல்லை பெரும்பாலும் லீடில்தான் வரும்: உடையும், நகரும், கிருமி தொற்றும்.

லீட் இல்லாதது வைட்டமின் கேப்சூல் அளவுதான். 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா என்ற இவ்வகைக் கருவியின் எடை சுமார் 2 கிராம். தொடைச் சிரை வழியே கொண்டுபோய் வலது கீழறைச் சுவரில் பொருத்துவார்கள். நெஞ்சில் தழும்பே இருக்காது. சரி, பேட்டரி தீர்ந்தால்? பெரும்பாலும் பழையதை அணைத்து அங்கேயே விட்டு, இன்னொன்றை வைப்பார்கள். இளவயதுக்காரர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

நிரந்தர ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் கோளாறு) உள்ள முதியவருக்கு மேலறையைத் தூண்டிப் பயனில்லை. அவருக்கு என் ஓட்டு கேப்சூலுக்கே.