ஸ்டிக்கரில் 3200, உள்ளே 2133: லேப்டாப் ரேம் மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப். 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்லாட் காலி. 16 ஜிபி ஆக்கித் தரச் சொல்லி அதன் உரிமையாளர் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். "பழசும் புதுசும் சேராது சார், ரெண்டையும் மாத்திடலாம், பழசை எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சுக்கறோம்" என்றார்களாம். உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருந்த 2400 வேக ரேம் கடைக்குப் போயிற்று. 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு 8 ஜிபி ரேம் லேப்டாப்புக்குள் வந்தன. சில நாளில் நீலத்திரை ஆரம்பம். வேறொரு சர்வீஸ் மேசைக்கு வந்தபோது டாஸ்க் மேனேஜர் காட்டிய வேகம் 2133.

கடையில் கேட்டதற்கு, "உங்க ப்ராசஸர் அவ்வளவுதான் தாங்கும்" என்று பதில். இது பாதி உண்மை, அதனால்தான் பலரும் நம்பிவிடுகிறார்கள். எட்டாம் தலைமுறை யு வகை (மாடல் எண் U என்று முடியும்) ப்ராசஸரில் டிடிஆர்4-க்கு உச்சம் 2400. அசல் 3200 ரேம் போட்டால் அது 2400-க்கு இறங்கி ஓடும், அதில் குற்றமில்லை. 2133-க்கு இறங்குகிறது என்றால் இரண்டில் ஒன்றாவது 2133 ரேம். ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டுப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். இங்கே இரண்டுமே அப்படித்தான். சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி பகுதியில் (ரேம் தன்னைப் பற்றித் தனக்குள் வைத்திருக்கும் விவரம் அங்கே தெரியும்) தயாரிப்பு ஆண்டு 2016 என்றும், இரண்டுக்கும் வேறு வேறு தயாரிப்பாளர் என்றும் வந்தது. பழைய லேப்டாப்பில் கழற்றிய சரக்கு, ஸ்டிக்கர் மட்டும் புதுசு. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென்டிரைவிலிருந்து பூட் செய்து தனித்தனியாக ஓட்டியதில் ஒன்று முதல் சுற்றிலேயே பிழை காட்டியது. நீலத்திரைக்கு அதுதான் காரணம்.

எஸ்பிடி விவரத்தையும் மாற்றி எழுத முடியும். அதனால் ஸ்டிக்கரையும் மென்பொருளையும் விட, சிப்பின் மேல் லேசரில் பொறித்த எண்ணை நம்புங்கள். ஸ்டிக்கர் ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும், மறுபக்கச் சிப்புகள் பெரும்பாலும் வெளியே தெரியும். சாம்சங் டிடிஆர்4 சிப் என்றால் எண்ணின் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள்: பிபி (PB) 2133, ஆர்சி (RC) 2400, டிடி (TD) 2666, டபிள்யுஇ (WE) 3200. சிப்பின் மேற்பரப்பு தேய்த்த மாதிரி இருந்தாலோ, ஒரே ரேமில் உள்ள சிப்புகளின் எண் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தாலோ வாங்க வேண்டாம். தங்க நிறக் கால்களின் பளபளப்பை மட்டும் நம்பாதீர்கள். பென்சில் ரப்பர் போட்டுத் தேய்த்தால் பழைய ரேமும் பளபளக்கும்.

"பழசும் புதுசும் சேராது" என்பது சுத்தப் பொய். ஒரே டிடிஆர் தலைமுறை, ஒரே வோல்டேஜ் என்றால் பெரும்பாலும் சேர்ந்தே ஓடும், வேகம் மட்டும் மெதுவானதற்கு இறங்கும். 8-உடன் 16 போட்டாலும் ஓடும். இந்த லேப்டாப்புக்கு 2400-ஓ அதற்கு மேலோ ஒரே ஒரு 8 ஜிபி போதுமாயிருந்தது.

உண்மையிலேயே சேராதவை வேறு. லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 கால், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. கால்களுக்கு நடுவே உள்ள வெட்டின் இடம் மாறுவதால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. ஏமாறும் இடம் டிடிஆர்3-ம் டிடிஆர்3எல்-லும்தான். இரண்டும் ஒரே அளவு, ஒரே வெட்டு. ஆனால் முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. நான்காம் தலைமுறை இன்டெல் முதல் டிடிஆர்3 ஸ்லாட் உள்ள பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு எல் எழுத்து உள்ளதே வேண்டும். சாதா டிடிஆர்3 போட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது. ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். வெறும் பிசி3 என்றால் திருப்பிக் கொடுங்கள்.

குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்பிடிடிஆர் வகை என்றால் ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று காட்டினால், மாடலின் விவரப் பட்டியலில் தனி ஸ்லாட் உண்டா என்று பார்க்கும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

டிடிஆர்5 மாற்றியவர்களுக்கு ஒன்று. முதல் தடவை ஆன் செய்ததும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு புது ரேமைப் பழகிக்கொள்கிறது. பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

கடையில் கொடுக்கும் முன் சிபியு-இசட் எஸ்பிடி பக்கத்தை ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். கழற்றிய ரேமைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்றால் அதன் மதிப்பு பில்லில் தனி வரியாக வரட்டும். இறக்குமதிப் பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். கவரே இல்லாமல் கையில் எடுத்து நீட்டும் ரேமுக்குப் புது ரேம் விலை கொடுக்காதீர்கள்.

இந்த உரிமையாளரின் பில்லில் "ரேம் 16 ஜிபி" என்று மட்டும்தான் இருந்தது. வேகம் இல்லை, சீரியல் எண் இல்லை, எக்ஸ்சேஞ்ச் வரியும் இல்லை. இவை நாங்கள் கொடுத்த ரேமே இல்லை என்று கடை கைவிரித்துவிட்டது. பிராண்ட், பார்ட் எண், ஒவ்வொரு ரேமின் சீரியல் எண், ஜிஎஸ்டி எண் நான்கும் பில்லில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்போது கையில் ஆதாரம் இருக்கும்.