ஜிம்போச்சோவில் ஒன்பதாம் டான்ஜூரோவைத் தேடிப் போன கடை

ஜப்பானின் பாரம்பரிய நாடகமான கபுக்கியில் இச்சிகாவா டான்ஜூரோ என்ற பெயரை ஏற்ற ஒன்பதாவது நடிகரின் படம் ஒன்றை வாங்க இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் 1838 முதல் 1903 வரை வாழ்ந்தவர். புகைப்படங்கள் இருக்கின்றன. ஆனால் அவர் காலத்து ரசிகர்கள் வாங்கிப் பத்திரப்படுத்தியது மரப்பலகை அச்சுப் படங்களைத்தான். எனக்கும் அதுதான் வேண்டும்.

முதல் முயற்சி இணையத்தில். மரப்பலகை அச்சு என்று சொல்லி ஒருவர் விற்றார். வந்த தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளைவெளேர் என்று இருந்தது. கையால் தேய்த்து அச்சிட்ட படமென்றால் சாயம் ஊறிய தடம் பின்னால் தெரியும். இது இயந்திர நகல். அப்புறம் நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

டோக்கியோவின் ஜிம்போச்சோவில், யாசுகுனி சாலையின் தெற்குப் பக்கம் முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். வெயில் பட்டால் தாள் பழுக்கும் என்பதால் எல்லாக் கடைகளும் வடக்கு பார்த்து நிற்கின்றன. நான் போன கடை அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில். படிக்கட்டு குறுகலானது, பெரிய பையோடு ஏற முடியாது. உள்ளே ஒரு மேசை, தட்டையான இழுப்பறைகள், எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர்.

டான்ஜூரோ வேண்டும் என்றேன். "எந்த வயது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று தெரிந்தது. ஏனென்றால் அந்த நடிகர் டான்ஜூரோ ஆனதே 1874இல், முப்பதைத் தாண்டிய பிறகு. அதற்கு முந்தைய படங்களை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

பெரியவர் வாடிக்கையாளருக்குக் காட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஒரு நடிகருக்கென்றே ஓர் இழுப்பறை வைத்திருக்கிறார். "பெயரைப் படிக்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்" என்று சொல்லி ஒவ்வொரு தாளாக மேசையில் பரப்பினார். நீண்ட முகம், பெரிய கண்கள். முதல் தாளில் கவாராசாகி கோன்ஜூரோ, அடுத்ததில் கோன்னோசுகே, அப்புறம் சான்ஷோ, கடைசியில்தான் டான்ஜூரோ. நான்கு பெயரிலும் ஒரே முகம்.

ஏழாம் டான்ஜூரோவின் ஐந்தாவது மகன் இவர். பிறந்த சில நாட்களிலேயே கவாராசாகி நாடக அரங்கை நடத்திய குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். அங்கே நடனம், எழுத்துக்கலை, தேநீர்ச் சடங்கு என்று ஓய்வே இல்லாத பயிற்சி. பெரியவர் அடுத்து வைத்தது ஒரு மரண நினைவுப் படம். வெளிர்நீல உடையில் அழகான ஓர் இளைஞர். இவருடைய அண்ணன், எட்டாம் டான்ஜூரோ. 1854இல் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டார், காரணம் இன்றுவரை தெரியாது. 1868இல் ஒன்பதாம் டான்ஜூரோவின் தத்துத் தந்தையைக் கொள்ளையர்கள் கொன்றார்கள். அந்தத் தாளுக்கு அடுத்த தாளை வைக்கும் முன் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

1878இல் ஷின்தோமி அரங்கத் திறப்பு விழாவில் மேலைநாட்டு வால்கோட்டு போட்டுக்கொண்டு நடிகர்கள் மேடையில் நிற்கும் படமும் இருந்தது. உரை வாசித்தவர் டான்ஜூரோ. வரலாற்று நாடகமென்றால் கவசமும் உடையும் அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்த வருடங்கள் அவை. பார்வையாளர்களுக்கு அது பெரிதாகப் பிடிக்கவில்லை. பத்திரிகையாளர் கானாகாகி ரோபுன் கிண்டலாக "உயிருள்ள வரலாறு" என்று வைத்த பெயரே அந்த நாடகங்களுக்கு நிலைத்துவிட்டது. அந்தக் காலத்துப் படங்கள் எனக்கும் சற்று உயிரில்லாமல்தான் தெரிகின்றன. வாங்கவில்லை.

நான் வாங்கியது, ஓவியர் குனிச்சிகா வரைந்த, பெங்கேய் என்ற வீரத்துறவி வேடத்தில் டான்ஜூரோ இருக்கும், மூன்று தாள் சேர்ந்த படம். ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் உயரம், 25 அகலம். 'கன்ஜின்சோ' நாடகத்தில் தன் தலைவனைக் காப்பாற்ற, எதுவும் எழுதாத சுருளை விரித்து வைத்துக்கொண்டு நன்கொடைப் பத்திரம் படிப்பது போல நடிப்பானே, அந்தக் காட்சி. இந்த நாடகத்தை 1840இல் முதலில் ஆடியவர் டான்ஜூரோவின் அப்பா. இரண்டே வருடத்தில், ஆடம்பரத் தடையை மீறினார் என்று அப்பாவை எடோவிலிருந்து (டோக்கியோவின் பழைய பெயர்) வெளியேற்றினார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்து, 1887 ஏப்ரலில், அமைச்சர் இனோவே காவோருவின் வீட்டில் மெய்ஜி பேரரசர் முன்னால் மகன் அதே பெங்கேயை ஆடினார். நடிகர்களை ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த நாடு அது. சுருளைப் பிடித்திருக்கும் அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

படத்தின் நிலையைப் பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். இடது தாளில் இரண்டு பூச்சித் துளைகள், பின்னால் மெல்லிய தாள் ஒட்டி அடைத்திருக்கிறது. நடுத் தாளில் ஒரு மடிப்புத் தடம். ஆனால் ஓரத்தை யாரும் வெட்டவில்லை, அதனால் மெய்ஜி 23 (அதாவது 1890) என்ற ஆண்டும் பதிப்பாளர் முகவரியும் அப்படியே இருக்கின்றன. ஆல்பத்தில் ஒட்டுவதற்காக ஓரத்தை நறுக்கிவிட்ட படங்கள் ஏராளம், ஆகவே வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். சிவப்பு கண்ணைப் பறிக்கிறது, இறக்குமதிச் சாயம். வெயில் படாத சுவரில் மாட்டுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

விலை 28,000 யென். மூன்று தாளும் ஒரே தொகுப்பாக, நிறம் பொருந்தி இருப்பதால் நியாயமென்றே நினைக்கிறேன். அமிலமில்லாத அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டித் தந்ததற்குத் தனிக் கட்டணம் இல்லை.

குறைகளும் உண்டு. வங்கி அட்டை வாங்குவதில்லை, ரொக்கம் மட்டும்தான். நான் கீழே இறங்கி ஏடிஎம் தேடிப் போய் வந்தேன். விளக்கு மங்கல், தாளை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேட்க வேண்டியிருந்தது. விலைப்பட்டியல் எங்கும் இல்லை, ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டும். ஜப்பானிய மொழி கொஞ்சமாவது தெரியாதவர்கள் யாரையாவது துணைக்கு அழைத்துப் போவது நல்லது. பெரியவர் சொல்லும் கதை புரியாவிட்டால் பாதி இழப்பு.

கோன்ஜூரோ காலத்து ஒற்றைத் தாள் ஒன்றையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன், 6,500 யென். இருபது வயதுகளில் இருக்கிறார், தன்னுடைய பெயர் இன்னும் வந்து சேராத காலம். என் பெயரைப் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்தத் தாளோடு வைத்தார் பெரியவர். அடுத்த மாதம் சம்பளம் வந்ததும் போகிறேன்.