‘சிக்கன் இல்லாத’ நாய் உணவு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில், முக்கியமாக அல்சூர், இந்திராநகர் பக்கம், சமைத்து வீட்டுக்கே கொண்டுவந்து தரும் நாய் உணவுக்குச் சந்தா கட்டியிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் நாய் மணிக்கு மாதக்கணக்கில் வயிறு சரியில்லை. முக்கி முக்கிப் போவான். கோழையும், சில நாள் ரத்தமும் இருக்கும். மாத்திரை கொடுத்தால் நிற்கும், நிறுத்தினால் மறுபடி ஆரம்பம். ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் மலம் பார்த்தார்கள். புழுவும் இல்லை, ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணியும் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் இப்படி இழுத்தால் முதலில் சாப்பாட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இதுவரை தின்னாத ஏதாவது ஓர் இறைச்சி, கூட ஒரு மாவுப்பொருள், இவை மட்டும் கொடுத்துச் சோதிக்க வேண்டும்; பிஸ்கட் உட்பட வேறு எதுவும் வாயில் படக்கூடாது. சாப்பாடுதான் காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடுமாம்.

மணி கோழிச்சோற்றில் வளர்ந்தவன். ‘மட்டனும் சர்க்கரைவள்ளியும் மட்டும், சிக்கன் துளியும் இல்லை’ என்று டப்பாவில் அச்சடித்து விற்கும் ஒரு கடையைப் பிடித்தோம். விலை இரண்டு மடங்கு. மணி தட்டை நக்கி நக்கித் தின்றான், வயிறு மட்டும் அப்படியே. கடைக்காரரைக் கேட்டால், “நச்செல்லாம் வெளியே போகுது சார், பொறுங்க” என்றார். பேதியையே வைத்தியமாக்கிவிட்டார் மனுஷன்! போதாததற்கு, முடியை அனுப்பினால் ஒவ்வாமையைச் சொல்லும் பரிசோதனை என்று ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார். அதை நம்ப முடியாது என்று டாக்டரம்மா தடுத்ததால் அந்தப் பணம் தப்பியது.

ஒருநாள் டப்பா வரவில்லை என்று சமையல் நடக்கும் இடத்துக்கே போனேன். எல்லா வகைக்கும் ஒரே அண்டா. மட்டனுக்கு நடுவே பழுப்பாக, வழவழவென்று என்னவோ வெந்துகொண்டிருந்தது. கிளறிக்கொண்டிருந்த அக்கா சேலத்துக்காரர்.

“கோழி ஈரல்தான் தம்பி. அது போடலேன்னா நாய் மோந்து பாத்துட்டுப் போயிடும்ல?”

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. முதலாளியோ, “ருசிக்குக் கொஞ்சம்தானே சார்” என்றார். ஒவ்வாத நாய்க்கு அந்தக் கொஞ்சமே போதும். சோதனை மொத்தமும் வீண். பணமும் திரும்பவில்லை. மீதிச் சந்தாவுக்கு நாய் ஷாம்பு தருகிறாராம்.

இப்போது புரதத்தை நுணுக்கமாக உடைத்துச் செய்யும் ஹைட்ரோலைஸ்டு உணவு, சீல் வைத்த பையில் வாங்குகிறோம். விலை கையைக் கடிக்கிறது, ஆனால் மணி கெட்டியாகப் போகிறான். அப்புறம் சிக்கனை மட்டும் கொஞ்சம் கொடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

உங்கள் நாய்க்கும் ‘சாப்பாடு மாற்றியும் கேட்கவில்லை, ஸ்டீராய்டு ஆரம்பிக்கலாம்’ என்று பேச்சு வந்திருந்தால், அது தின்றது இந்த மாதிரி டப்பாவா என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.