ரிச்சி தெருவில் ஹெட்போன் ஆம்ப் வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் 6,500 ரூபாய் கொடுத்து, சட்டைப் பையில் அடங்கும் ஹெட்போன் ஆம்ப் (போனிலிருந்து வரும் ஒலியை ஹெட்போனுக்காகப் பெருக்கும் கருவி) ஒன்றை வாங்கி நன்றாக ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் என்னை ஏமாற்றிய விதம் எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வீட்டில் மாமா கொடுத்த பழைய சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் இருக்கிறது. அதன் மின்மறுப்பு (மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 300 ஓம். போனில் நேராகச் செருகினால், சத்தத்தை முழுக்க வைத்தாலும் பழைய கச்சேரிப் பதிவுகள் மெலிதாகத்தான் கேட்கும். தாம்பரத்திலிருந்து பீச் வரை தினமும் மின்சார ரயிலில் போகும்போது காதில் இருப்பது 16 ஓம் இயர்போன். இரண்டுக்கும் ஒரே ஆம்ப் போதும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பில்லை. வாங்கிய விதத்தில்தான் தப்பு.

கடைப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "சார், முதல்ல போன்ல மட்டும் கேளுங்க. இப்ப ஆம்ப்ல கேளுங்க. வித்தியாசம் நீங்களே சொல்லுங்க." ஆம்பில் செருகியதும் மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் வந்து அடித்தது, வயலின் பளிச்சென்று முன்னால் வந்தது. உடனே பணத்தை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பக்கவாட்டில் இருந்த கெயின் சுவிட்ச் (சத்தத்தை ஒரேயடியாகக் கூட்டுவது) 'ஹை'யில் இருப்பதைக் கவனித்தேன். பையன் அதை மாற்றியதை நான் பார்க்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரே பாட்டை ஒன்றிரண்டு டெசிபெல் கூட்டி வைத்தாலே, சத்தம் கூடியது என்று நமக்குத் தோன்றாது; தெளிவு கூடியது, பேஸ் கூடியது என்றுதான் தோன்றும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது கீழ்ஸ்தாயி ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது. 1933-லேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். போனில் மெதுவாகவும் ஆம்பில் பலமாகவும் கேட்க வைத்தால், எந்த மட்டமான ஆம்பும் ஜெயித்துவிடும். நீங்கள் கேட்கும்போது வால்யூம் குமிழை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சத்தம் ஒன்றுபோல வரும்வரை திருப்பி, அதற்கு அப்புறம் ஒப்பிடுங்கள். அப்படிச் செய்திருந்தால் நான் அன்றைக்குக் காசை எடுத்திருக்கவே மாட்டேன்.

அன்று இரவு பத்து மணிக்கு மேல், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு இயர்போனைச் செருகினேன். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். தம்புரா ஆரம்பித்த பிறகும் அதற்குப் பின்னால் அந்த இரைச்சல் ஓயவில்லை. ஹாரனும் பக்கத்துக் கடை ஸ்பீக்கரும் அலறுகிற அந்தத் தெருவில் இது எப்படிக் காதில் விழும்? அடுத்து, இயர்போனுக்கு ஏற்றபடி குமிழைக் குறைத்தால் பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து இடது காதுப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறார். மலிவான வால்யூம் கண்ட்ரோலில் இரண்டு பக்கமும் கீழ்மட்டத்தில் ஒன்றுபோல ஓடாது. ரயிலில் நான் வைக்கும் சத்தமே அந்தக் கீழ்மட்டத்தில்தான் இருக்கிறது. கடைக்கு உங்கள் சொந்த இயர்போனைக் கொண்டுபோய், பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். பிறகு குமிழை மிகக் குறைவாக வைத்துக் கேளுங்கள். தெருச் சத்தத்துக்கு இடம் தராமல் காதை இன்னொரு கையால் பொத்திக்கொண்டாவது கேளுங்கள்.

பேட்டரி 15 மணி நேரம் வரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. மூன்றரை மணி நேரத்தில் அணைந்துவிட்டது.

சிந்தாதிரிப்பேட்டையில் சர்வீஸ் செய்யும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நான்கு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே ஓர் இரும்புத் தகடு பசை போட்டு ஒட்டியிருந்தது. கையில் கனமாக இருந்ததற்கு அதுதான் காரணம். பெட்டியில் 2000 எம்ஏஎச் கொள்ளளவு என்று போட்ட பேட்டரியின் மேல் 503040 என்று அச்சிட்டிருந்தது. 5 மில்லிமீட்டர் தடிமன், 30 அகலம், 40 நீளம் என்று அர்த்தம். அந்த அளவில் 600 வந்தாலே பெரிய விஷயம் என்றார் நண்பர். ஒலியைப் பெருக்கும் சிப்பின் முகத்தில் இருக்க வேண்டிய மாடல் எழுத்தே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள் விளக்கு வெளிச்சத்தில் சாய்வாகத் தெரிந்தன.

பிறகு ஒரு சோதனை செய்தார். யாரும் வீட்டிலேயே செய்யலாம். போனில் 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டை மல்டிமீட்டரில் ஏசி வோல்ட்டில் பார்த்தார்: 0.50. குமிழைத் தொடாமல் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்தார்: 0.38. கணக்குப் போட்டால் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஆம்பின் உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, 10 ஓமுக்கு மேல். பெட்டியில் இருப்பது 0.5 ஓம். ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இது போகக்கூடாது என்பது வழக்கமான கணக்கு. என் இயர்போனுக்கு 2 ஓம்தான் எல்லை. 300 ஓம் ஹெட்போனில் இது பெரிதாகத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர் (ஒலி எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்) உள்ள இயர்போனில் குரலின் நிறமே மாறிவிடும், என்னுடையதில் மாறியது.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளியே இருந்தார். "சார், ஓப்பன் பண்ணிட்டீங்க, வாரண்டி போச்சு. வித்த பொருள் திரும்ப எடுக்கிறதில்ல, சீட்டுலயே போட்டிருக்கு பாருங்க." சீட்டைப் பார்த்தேன். அது பில்லே இல்லை, வெறும் விலை மதிப்பீட்டுச் சீட்டு, 'எஸ்டிமேட்'. வாங்கும்போது பில் கேட்டதற்கு, "பில் வேணும்னா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி கூட ஆகும் சார்" என்று பையன் சொன்னான், நானும் தலையாட்டினேன். அங்கே விட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. பெட்டியைத் திருப்பிப் பார்த்திருந்தாலும் போதும்: இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி என்று ஒன்றும் இல்லை. வெளிநாட்டுப் பொருள் என்றால் இவையெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும்.

திரும்ப எடுக்க மாட்டேன் என்று முதலாளி சொன்னது சட்டப்படி செல்லாது. பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை அவர் திரும்ப எடுத்தாக வேண்டும். பில் இல்லையே என்று மனம் தளர்ந்து விடாதீர்கள். ஜிபேயில் பணம் போன பதிவு, எஸ்டிமேட் சீட்டு, பெட்டி எல்லாம் ஆதாரம்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகாரைப் பதிந்திருக்கிறேன். தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் வந்துவிட்டது. கடைக்காரர் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இணையத்திலேயே மனு போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. திறந்த ஆம்பையும் இரும்புத் தகட்டையும் அந்த 33 ஓம் ரெசிஸ்டரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன், ஆணையம் கேட்டால் காட்ட வேண்டும்.