மாஸ்ட் காப்பகம்: கேலக்ஸியின் நடுவுக்குள் போய்ப் பார்க்க ஒரு வழி

மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் இதே வேலையாக உட்கார்ந்திருக்கிறேன். பால்டிமோரில் உள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் நடத்தும் மாஸ்ட் காப்பகத்தில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த தரவுகள் கொட்டிக் கிடக்கின்றன. காசு கிடையாது. பொதுவில் விட்ட தரவை இறக்கக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம்.

நான் தேடிப் போனது என்ஜிசி 7469. சுமார் 22 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிற கேலக்ஸி. நடுவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் கருந்துளை, சுற்றிலும் விண்மீன்கள் பிறக்கும் வளையம், எங்கும் தூசி. சாதாரண ஒளியைத் தூசி மறைத்துவிடும். அகச்சிவப்பு பெருமளவு தப்பி வந்துவிடும். ஆனால் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தின் பக்கம் நம் வானமும் தரையில் உள்ள தொலைநோக்கியுமே வெப்பத்தால் ஒளிரும். அதனால்தான் விண்வெளிக்குப் போன ஜேம்ஸ் வெப்பின் அகச்சிவப்புக் கருவியான மிரியை 7 கெல்வினுக்கும் (சுமார் மைனஸ் 266 டிகிரி செல்சியஸ்) கீழே குளிர்வித்து வைத்திருக்கிறார்கள்.

தேடலில், இந்தக் கேலக்ஸியைப் படமெடுத்த ஆய்வுத் திட்டத்தின் எண் 1328 என்று கொடுத்தால் போதும். முதல் நாள் எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டேன். கச்சாப் பதிவுகளும் சேர்ந்து வர, விடிய விடிய இறங்கியும் முடியவில்லை. பெயரில் 'எஸ்3டி' என்று இருக்கும் கோப்புகள்தான் நமக்கு வேண்டியவை. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறமாலை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற கணக்கு, அதில் இருக்கும்.

இலவச மென்பொருளான க்யூப்விஸில் திறந்து, அலைநீளத்தை 13.02 மைக்ரானுக்கு நகர்த்தினேன். ஓர் எலக்ட்ரானை இழந்த நியானின் கோடு அது, அதாவது அந்த நியானின் ஒளி நமக்கு வந்து சேரும் அலைநீளம். வளையம் வளையல் மாதிரி பளிச்சென்று வந்து நின்றது. அடுத்த கோப்பில் 14.55-க்குப் போனேன். வளையம் மங்கிப்போய் நடுப்புள்ளிதான் எரிந்துகொண்டிருந்தது. இது நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியான். அந்த நிலைக்குக் கொண்டுபோக 97 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சாதாரண விண்மீன் ஒளியால் அது முடியாது, கருந்துளையைச் சுற்றும் வாயுவின் கதிர்வீச்சால் முடியும். பாடமாகப் படித்து எத்தனையோ வருஷம். என் திரையில் பார்த்தபோது கை நடுங்கியது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிரகாசமான நடுப்புள்ளியின் நிறமாலையில் சீப்புப் பல் மாதிரி மேடு பள்ளம் தெரியும். உணரிக்குள் ஒளி முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால் வருவது. அதைக் கோடு என்று எண்ணி நான் ஒரு மாலை முழுக்க அலைந்தேன். திருத்துவதற்குத் தனி நிரல் இருக்கிறது, ஓட்டிவிட்டே அளவெடுங்கள்.

புதிதாகப் போகிறவர்கள் மிரியின் அலைநீளப் பகுதிகளில் 3-ஆம் சேனலின் ஷார்ட், மீடியம் ஆகிய இரண்டு கோப்புகளை மட்டும் முதலில் இறக்குங்கள். நான் சொன்ன இரண்டு கோடுகளும் அவற்றில்தான் இருக்கின்றன.