லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் மூன்று சிலிண்டர் கார்: ஐடிலில் நடுங்கினால் எங்கே தொடங்குவது?

மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் (வண்டி நிற்க, ஆக்சிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது) கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 240 டிகிரி சுற்றினால்தான் ஒரு வெடிப்பு. அதோடு ஓரத்து பிஸ்டன்கள் இரண்டும் இன்ஜினின் இரு முனைகளையும் மாறி மாறித் தூக்கப் பார்க்கும். அந்த ஆட்டத்தை விழுங்குவது மவுண்டுகளின், அதாவது இன்ஜினைப் பாடியில் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளின் வேலை. புது காரில் சீட்டில் லேசாகத் தெரியும் அதிர்வு பழுதல்ல. சிக்னலில் நிற்கும்போது ரியர்வியூ மிரரில் பின்வண்டி கலங்கித் தெரிகிறது, டேஷ்போர்டு கடகடக்கிறது என்றால் பார்க்க வேண்டியதுதான்.

பெரும்பாலான பட்டறைகளில் முதலில் பிளக், அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங், அதற்கும் அடங்காவிட்டால் மவுண்ட் என்று வரிசையாக மாற்றுவார்கள். வீண் செலவு. இன்ஜின் ஒழுங்காக எரிந்தும் பாடி நடுங்குகிறதா, இன்ஜினே மிஸ்ஸிங் அடிக்கிறதா (ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுகிறதா) என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். பத்து நிமிடம் போதும்.

இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏசியை அணைத்து நியூட்ரலில் விட்டு டேக்கோமீட்டரைப் பாருங்கள். முள் 750 முதல் 850 ஆர்பிஎம்முக்குள் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) அசையாமல் நிற்கிறது, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டு 1,200க்குக் கொண்டுபோனதும் நடுக்கம் மறைகிறது என்றால் சந்தேகம் மவுண்ட் மேல். முள் துள்ளுகிறது, சைலன்சர் சத்தம் இடையிடையே தடுக்குகிறது என்றால் மிஸ்ஸிங். சைலன்சர் வாயருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால் இன்னும் தெளிவாகும்: சீராக வெளியே தள்ளினால் நல்லது, விட்டுவிட்டு உள்ளே இழுத்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஏசி போட்டால் மட்டும் நடுங்கும் காரில் ரேடியேட்டர் ஃபேனையும் பாருங்கள். ஒரு இறக்கை உடைந்திருந்தாலே கார் முழுக்க அதிரும். பழி கம்ப்ரஸர் மேல் விழும்.

மிஸ்ஸிங் என்று தெரிந்தால் காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி ரீடர் ஒன்று வாங்கிவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎல்எம்327 வகை போதும். அதில் வரும் கோடு (பழுதுக் குறியீடு) பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது. பி0301 வந்தால் முதல் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் தருவது) இரண்டாவதோடு இடம் மாற்றிப் போட்டு, ரீடரில் அந்தக் கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக்கையும் இதேபோல் இடம் மாற்றிப் பார்க்கலாம். காயிலைத் தூக்கும்போது பிளக் குழியில் ஆயில் நின்றால் டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கும் பிளக் குழி சீலும் கசிகின்றன. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதன் ரப்பரும் ஊறிப் போகும். சாதா நிக்கல் பிளக் 30,000 கிலோமீட்டருக்கு மேல் நம்பத்தக்கதல்ல. இரிடியம் 80,000க்கு மேலும் தாங்கும், விலை அதிகமானாலும் கணக்கில் லாபம்தான். இன்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் பெரிய செலவு.

கோடு எதுவும் இல்லாமல் ஐடில் மட்டும் ஏறி இறங்குகிறதா? ரீடரில் ஃப்யூயல் ட்ரிம்மைப் பாருங்கள்; கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று காட்டும் எண் அது. ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டின் கூட்டுத்தொகை ஐடிலில் +10ஐத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்தை நெருங்கினால் த்ராட்டிலுக்கு (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) அப்பால் எங்கோ காற்று உள்ளே கசிகிறது. பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் புகையை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு பேக்கிங் என்று வரிசையாகப் பாருங்கள். ஹோஸை ஒவ்வொன்றாக நெருக்கிப் பிடிக்கும்போது ஐடில் சட்டென்று சீரானால் ஆள் அகப்பட்டான். சூடான இன்ஜின் மேல் கார்ப் ஸ்ப்ரே அடித்துத் தேடும் பழக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். கூட்டுத்தொகை -10க்குக் கீழே போனால் பர்ஜ் வால்வு (டேங்க்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் விடுவது) மூடாமல் நிற்கலாம், அல்லது இன்ஜெக்டர் சொட்டலாம். இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு பழைய கார்களில் ட்ரிம் நாலைந்து சதவீதம் கூடித்தான் காட்டும். எத்தனாலுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை என்பதால் வருவது அது, கசிவு அல்ல.

த்ராட்டில் பாடி சுத்தம் செய்வதற்கு இருக்கும் பெயர் கொஞ்சம் அதிகம். கரி படிந்திருந்தால் பலன் உண்டு. இல்லாவிட்டால் செய்தும் வித்தியாசம் இராது. எலக்ட்ரானிக் த்ராட்டில் தட்டை விரலால் தள்ளாதீர்கள். முடிந்ததும் ஐடில் ரீலேர்ன் (கம்ப்யூட்டருக்குப் புது ஐடில் நிலையைப் பழக்குவது) செய்யாமல் விட்டால் சில நாட்கள் ஐடில் ஏறியே நிற்கும்.

இனி மவுண்ட். முன்சக்கர இழுவைச் சின்னக் கார்களில் பொதுவாக மூன்று: டைமிங் பக்கம், கியர்பாக்ஸ் பக்கம், கீழே டார்க் ராட் (இன்ஜின் முன்பின்னாக ஆடாமல் பிடிக்கும் தண்டு). முதலில் உட்காருவது பெரும்பாலும் டைமிங் பக்கத்தது. ஹைட்ராலிக் வகையில் கருப்பு எண்ணெய் வழிந்திருக்கும். வெறும் ரப்பர் வகையில் வெடிப்பு தெரியும், அல்லது ரப்பர் நசுங்கி இரும்போடு இரும்பு தொட்டிருக்கும். உறுதி செய்ய, ஆயில் சம்ப்புக்கு அடியில் மரப்பலகை வைத்து ஜாக்கியால் அரை அங்குலம் மட்டும் தாங்கிப் பிடித்து ஐடிலில் பாருங்கள். நடுக்கம் குறைந்தால் மவுண்ட்தான். கிளட்ச் விடும்போது டொக்கென்று இடித்தால் டார்க் ராட் புஷ்.

மலிவான டூப்ளிகேட் மவுண்டில் ரப்பர் கெட்டியாக இருக்கும். போட்ட அன்றே பழையதைவிட அதிகம் நடுங்கும் கார்கள் உண்டு. பாலியூரித்தேன் புஷ்ஷும் அப்படியே; ரேஸ் காருக்குச் சரி, சிக்னலில் நிற்கும் காருக்கு ஆகாது. ஒரிஜினலையே போடுங்கள், முடிந்தால் மூன்றையும் சேர்த்து. ஒன்று மட்டும் புதிதென்றால் இன்ஜின் சாய்ந்து உட்காரும். மாட்டும்போது போல்ட்களைக் கையிறுக்கமாக விட்டு, இன்ஜினை ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்ததும் இன்ஜினை அணைத்து, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு அளவுக்கு) முறுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் புது மவுண்டைக் குறை சொன்னவர்கள் ஏராளம்.

சிஎன்ஜி போட்ட காரில் இத்தனையும் சரியாக இருந்தும் சூடானால் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) அளக்கச் சொல்லுங்கள். வால்வு சீட் தேய்ந்து இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் டெஸ்டில் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) சிலிண்டர்களுக்கிடையே 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டும். அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து எண் ஏறினால் பழுது பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்வதோடு முடியுமா, ஹெட்டை இறக்க வேண்டுமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.